ஒரு 'ர்'

எழுபதுகளின் கடைசியில், அரியலூரில் அந்தக் கிளாரினெட்காரரைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. வாத்தியம் கையில் இல்லாதபோதும் கீழுதட்டைப் பல்மேல் மடித்தே வைத்திருப்பார். கல்யாணம், சாவு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் இருபது வருடம் வாசித்தவர், முறையாகச் சங்கீதம் படிக்க எங்கள் அறக்கட்டளையிடம் உதவி கேட்டிருந்தார். உதவி வழங்கும் விழா நோட்டீஸில் நான் எழுதியது, 'ஏழை மாணவன்'.

"சார், ஒரு 'ர்' போட்டு மாணவர்னு மாத்திடுங்களேன்," என்றார் மெல்ல.

எங்கள் தலைவர் சிரித்தார். "இனாமா வாங்குறவனுக்கு 'ர்' ஒண்ணுதான் கொறைச்சலா?"

நானும் சிரித்தேன். மைக்கிலும் 'மாணவன்' என்றே கூப்பிட்டேன்.

அவர் மேடையேறி, உதவியை வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "தலைவர் அவர்களுக்கும், பேர் வாசிச்ச சார் அவர்களுக்கும் நன்றிங்க."

எங்கள் இருவருக்கும் அவர் ஒரு 'ர்'கூடக் குறைக்கவில்லை.