மீதி வந்த வளையம்

நாளை காலை ஐந்து மணிக்குப் பதுளையில் பேக்கரி வேலையில் சேர வேண்டும். அந்த நேரத்துக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் கிடையாது. என்னிடம் இருப்பது கியர் சைக்கிள் ஒன்றுதான்.

அதன் பின் வீலில் இருக்கும் பல்சக்கரங்கள் இன்று காலையிலிருந்து மொத்தமாக லொடலொடவென்று ஆடுகின்றன. மூன்று தடவை நட்டை இறுக்கினேன். நட்டு இறுகியது, ஆட்டம் நிற்கவில்லை.

வீலைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஹாலிஎல சைக்கிள் கடைக்கு ஓடினேன். கடைக்கார நானா கையால் ஆட்டிப் பார்த்தார்.

"நட்டு சரிதான் தம்பி. சக்கரத்துக்குப் பின்னால ஒரு மெல்லிய வளையம் இருக்கணுமே, எங்க?"

நேற்று பல்சக்கரங்களை எல்லாம் கழற்றிக் கழுவி மாட்டியபோது ஒரு வளையம் மீதி வந்தது. தேவையில்லாதது என்று நானேதான் வாசலில் எறிந்தேன்.

"அந்த சைஸ் என்கிட்ட இல்ல. வீட்டுல போய்த் தேடுங்க."

எங்கள் லயத்து வீட்டு வாசல் முழுக்கக் கிளறினேன். கிடைக்கவில்லை. மலைக்கு ஓடி, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"இதாய்யா?" என்று தலையில் மாட்டியிருந்த கூடைக் கயிற்றைத் திருப்பிக் காட்டினார். "சும்மா கெடந்துச்சுன்னு கயித்துல கோத்துக்கிட்டேன். இன்னைக்குத்தான் கூடை நழுவாம நிக்குது. ஏன், வேணுமா?"

"இல்லம்மா, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அந்த வளையத்தைக் கழற்றித் தர யாரிடமாவது பழைய கியர் சைக்கிள் கிடந்தால் உடனே சொல்லுங்கள். இல்லையென்றால், பதுளை வரைக்கும் நடந்தே போக எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும் என்றாவது சொல்லுங்கள்.