ருசி பார்க்காத சாக்லேட் பர்பி

இன்று ராஜபாளையம் பஸ்ஸில் என் கணவரின் சித்தியையும் அவருடைய மருமகளையும் பார்த்தேன்.

சித்தி என்னைக் காட்டி மருமகளிடம் ஆரம்பித்துவிட்டார்.

"இவ கல்யாணமாகி வந்த புதுசுல சாக்லேட் பர்பி கிண்டுனா. பெருமாளுக்குப் படைக்கிற பண்டம்னு ஒரு துளி நாக்குல வைக்கல. ஆனாலும் இனிப்பு எம்புட்டுக் கச்சிதம்! நீயும்தான் செய்யுத, ஒருநா சக்கரை கூடுது, ஒருநா கொறையுது."

அது தொண்ணூறுகளில், மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்குச் செய்தது. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குள் கோகோ பவுடர் நுழைந்ததே அன்றுதான். எனக்கும் அளவு தெரியாது. அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, படைக்கும் முன்பே நான்கு முறை ருசி பார்த்தேன்.

நான்காவது முறை வெறும் ஆசைக்கு.

சித்தி டிக்கெட் வாங்கத் திரும்பியபோது அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்.

"அக்கா, நெசமாவே ருசி பாக்கலையா? நான் வந்த நாள்லயிருந்து அவிய இதையேதான் சொல்லுதாவ."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சித்தி திரும்பிவிட்டார்.

"பாக்கல" என்றேன்.

பெருமாள் என்னை அன்றைக்கே மன்னித்திருப்பார். அந்தப் பெண் மன்னிப்பாளா, தெரியவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு ருசி பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். துணைக்கு ஆள் வேண்டும்.