அண்ணன் கல்லறைக்கு இரண்டு கோட்டிங்

போன சனிக்கிழமை ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது. கேளுங்கள்.

என் அண்ணன் இறந்து ஒரு வருஷம். சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊரில் முதல் நினைவு நாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்லறைக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரர்கள் வேலை இல்லை. அக்கம்பக்கத்தார்தான் காலையில் சுண்ணாம்பும் மட்டையுமாக வருவார்கள். அடித்து முடித்ததும் அங்கேயே ஜெபம். அப்புறம் கருப்பட்டிக் காப்பி, அவித்த பயறு. அவ்வளவுதான்.

எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு, யாரை எதிர்பார்த்து நிற்பது என்று ஒரு திமிர். வெள்ளிக்கிழமையே ஒரு பெயின்டரை அனுப்பிவிட்டேன். கம்பெனி பெயின்ட். இரண்டு கோட்டிங். பளபளவென்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தது யார் தெரியுமா? தங்கராஜ் அண்ணாச்சி! அண்ணனுக்கு அடுத்த வீடு. வாய்க்கால் தண்ணீர் முறையில் இருவருக்கும் சண்டை வந்து, ஒன்பது வருஷம் பேச்சே இல்லை. அண்ணன் செத்த அன்றும் தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர்.

அவர் கையில் ஒரு பானை. சுண்ணாம்பை மூன்று நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டிக் கொண்டுவந்திருந்தார்.

கல்லறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அடிச்சாச்சோ?”

“ஆமா அண்ணாச்சி. உங்களுக்கெல்லாம் எதுக்குச் சிரமம்னுதான்…”

“சிரமமா? ஏலே, ஒங்க அண்ணன்கிட்ட சமாதானமாப் போக எனக்கு இருந்தது இந்த ஒரு நாளுதாம்லே. அதையும் கூலிக்கு விட்டுட்டியே.”

பின்னாலேயே மற்றவர்களோடு வந்த எதிர்வீட்டு எஸ்தர் மதினி சும்மா இருப்பாளா? “ஜெபத்துக்கும் ஆள் பேசியாச்சா, கொழுந்தனாரே?”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

‘அந்தப் பெயின்ட் மேலேயே அடிங்க அண்ணாச்சி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? பெயின்ட் கெட்டுப்போகுமே என்று யோசித்தேன். தூ… என்ன ஜென்மம் நான்!

பிறத்தியாருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று பெருந்தன்மையாகப் பேசுகிறோம். பொய். யாருக்கும் கடமைப்பட நமக்கு மனசில்லை — அதுதான் நிஜம்.

சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அந்தச் சுண்ணாம்பை மாட்டுத்தொழுவத்துச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த வருஷம் நீங்கதான் அடிக்கணும், அண்ணாச்சி.”

அவர் திரும்பவே இல்லை. “அடுத்த வருஷம் நானும் அங்கன படுத்துக் கெடந்தா? ஒன் பெயின்டரையே அனுப்பிருலே.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பெயின்டரே போன் பண்ணினான். வேலை திருப்தியா என்று கேட்டான். பிறகு பெருமையாகச் சொன்னான்:

“ஏழு வருஷம் கியாரண்டி சார். அதுவரைக்கும் ஒருத்தரும் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்!”