சூலத்தைக் கீழே வைத்த அம்மாளாச்சி

ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் ஒரு கறுப்புப் படம் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் "உது ஆர்?" என்று கேட்பார்கள். பத்து வயதில் நான் செத்தவர்களைப் புதைக்கும் சவக்காலையிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்தது அது.

வன்னிச் சண்டை முடியப்போகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். பள்ளிக்கூடத்தால் எங்களை ரொறன்ரோவின் பழைய சவக்காலை ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். சவக்காலைக்குப் பிள்ளையை அனுப்புவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். அதனால் "பார்க்" என்று சொல்லித்தான் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினேன்.

அந்தக் கற்களை என்னவென்று சொல்ல! ஒரு வியாபாரிக்கு, நாங்கள் அப்போது இருந்த டோர்செட் பார்க் கட்டடத்தின் வாசலைவிடப் பெரிய தூண் மண்டபம். ஒரு குழந்தையின் கல்லறை மேல் கல் ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. எத்தனையோ கைகள் தடவி அதன் முதுகு வழுவழுத்துப் போயிருந்தது. ஒரு தூண் பாதியில் முறிந்து நின்றது. கவனிப்பாரில்லை என்று நினைத்தேன். இளவயதில் போனவர்களுக்கு அப்படி முறித்தே செதுக்குவார்களாம், ரீச்சர் சொன்னார். செத்தவர்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று வாய் பிளந்து நின்றேன்.

ஆளுக்கொரு பெரிய தாளும் மெழுகுக் கட்டியும் தந்தார்கள். தாளைக் கல்லில் ஒட்டித் தேய்த்தால் செதுக்கியது தாளில் எழும்பி வரும். என் கல்லில் முக்காடு போட்ட ஒரு பெண், கையில் நங்கூரம். தேய்க்கத் தேய்க்க அவள் முகம் வெளியே வந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. கீழே எழுத்துகள். வாசித்தால் சவக்காலை என்று பிடிபட்டுவிடும் என்று, வரும் வழியில் எழுத்துப் பகுதியை மட்டும் கிழித்துக் கணக்குக் கொப்பிக்குள் ஒளித்தேன்.

அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, வன்னிக்குள் இருந்தார். மாசிக்குப் பிறகு ஒரு ஃபோனும் இல்லை. அம்மா ஒரு நேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்தார். தாளை விரித்துப் பார்த்தவர், கண்ணாடியைத் துடைத்துப்போட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"உது ஆர் பிள்ளை? அம்மாளாச்சியோ?"

நங்கூரத்தின் கொழுக்கிப் பக்கம் நிலத்தில் ஊன்றியிருந்தது. அம்மாவின் கண்ணுக்கு அது அம்மன் தலைகீழாக வைத்த சூலம். நான் பயத்தில் "ஓம்" என்றுவிட்டேன்.

"இஞ்சேருங்கோ," என்று அப்பாவைக் கூப்பிட்டார். "அம்மாளாச்சி சூலத்தைக் கீழ வைச்சிட்டா. சண்டை நிக்கப்போகுது. தம்பி வந்திடுவான்."

அப்பா தள்ளி நின்றே பார்த்தார். "அம்மாளாச்சி என்ன வெள்ளைக்காரி மாதிரி இருக்கிறா?"

"கனடாவில வேற எப்பிடி இருப்பா?"

அன்றே படம் சாமித் தட்டில் ஏறியது. நெற்றியில் குங்குமம், முன்னால் விளக்கு. சவக்காலைத் துடக்கை, செத்த வீட்டுத் தீட்டை, சாமிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். மாமாவுக்கு ஏதும் நடந்தால் அது என்னால்தான்.

வைகாசியில் சண்டை முடிந்தது என்று ரீவி சொன்னது. முகாம்களில் இருந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. மாமாவின் பெயர் வரவில்லை. பிறகு, அவரோடு நின்ற ஒருவர் எங்களுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னார். கடற்கரையில் மாமா நின்ற இடத்தில் ஷெல் விழுந்ததாம். ஒருவரும் உடம்பை எடுக்கவில்லையாம்.

"அவன் பொய் சொல்லுறான்," என்று சொல்லிவிட்டு, இழவுக்கு முழுகாமலே அம்மா விளக்கேற்றினார். அடுத்த நாளும் ஏற்றினார். அதற்கடுத்த நாளும்.

ஒரு பின்னேரம் என்னால் தாங்க முடியவில்லை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். கொப்பிக்குள் இருந்த துண்டை எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"வாசி," என்றார்.

தமிழாக்கிச் சொன்னேன். இருபத்திரண்டு வயதுப் பெடியன். ஏரியில் மூழ்கிப் போனவன். உடம்பு கிடைக்கவில்லை. கல்லை வைத்தது அவனுடைய தமக்கை.

"ஆர் வைச்சதெண்டு?"

"அக்கா."

"அப்ப கல்லுக்குக் கீழ ஒண்டும் இல்லையோ?"

"இல்லையம்மா. பேர் மட்டும்தான்."

அம்மா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த அக்கா கெட்டிக்காரி," என்றார். "என்ன நெஞ்சுரம்."

பிறகு படத்தை இரண்டு கையாலும் இறக்கினார். நான் கிழித்த துண்டை ரேப்பால் பழையபடி ஒட்டினார். விறாந்தைச் சுவரில் மாட்டி, பக்கத்தில் மாமாவின் படத்தை வைத்தார். சாமிக்கு முன்னால் இருந்த விளக்கு அங்கே வந்தது. அதன்பிறகு குளியலறைக்குப் போய்த் தலையில் முழுகிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து நிலத்தில் இருந்தார்.

சவக்காலைத் தாளைத் தொட்டதற்குத்தான் முழுகினார் என்று நினைத்தேன். நானும் தொட்டவள்தானே.

"அம்மா, நானும் முழுகவோ?"

"ஓம், நீயும் முழுகு. அப்பா வரட்டும், அவரும் முழுகவேணும்."

அப்பா அந்தத் தாளைத் தொட்டதே இல்லை. அவர் ஏன் முழுகவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அடி விழாமல் தப்பியதற்கு அம்மாளாச்சிக்கு நன்றி சொல்லிக்கொண்டு நான் ஷவரைத் திறந்தேன்.