சின்ன போனும் ராஜமதியின் கண்ணும்

போன வாரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் ஆதார் அட்டையை நகல் எடுத்தேன். இயந்திரத்திலிருந்து சுடச்சுட வந்த தாளை வாங்கியதும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து முகர்ந்து பார்த்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டார். மை சரியாக விழுந்திருக்கிறதா என்று சோதிப்பவளைப் போல நடித்துவிட்டு வெளியே வந்தேன். ஜெராக்ஸ் தாளின் வாசனை என்றால் எனக்கு வேங்கிக்கால். வேங்கிக்கால் என்றால் ராஜமதி. ராஜமதி என்றால் துப்பாக்கிச் சத்தம். பயந்துவிடாதீர்கள், எல்லாம் போனுக்குள் வெடித்த துப்பாக்கிதான்.

படிப்பு முடிந்த கையோடு வேங்கிக்காலில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கலெக்டர் ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு மனு தட்டித் தருவது, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவது, இதுதான் வேலை. நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வருவேன். என்னோடு வேலை பார்த்த ராஜமதி போளூர் பக்கத்து ஜைன வீட்டுப் பெண். இங்கே சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாள் என்பதால் கடையில் நிற்க இடமிருக்காது. மற்ற நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். முதலாளி சாப்பிட்டுக் குட்டித் தூக்கம் போட வீட்டுக்குப் போய்விடுவார். அவர் வண்டி தெருமுனையில் மறைந்ததும் நாங்கள் இருவரும் தீவில் குதிப்போம்.

விளையாட்டின் பெயர் எதற்கு, விஷயம் இவ்வளவுதான். நூறு பேர் பாராசூட்டில் ஒரு தீவில் இறங்குவார்கள். ஒருவரையொருவர் சுட்டு, கடைசி வரை உயிரோடு இருப்பவர் ஜெயிப்பார். ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், அதற்கு வெளியே நிற்பவர்களுக்கு உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்தும் ஆடலாம். பௌர்ணமி அன்று மட்டும் எங்களுக்கு விடுமுறை. கிரிவலத்துக்கு வரும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தால் சிக்னல் எங்கிருந்து வரும்? ஒருமுறை நாள் பார்க்காமல் இறங்கிவிட்டு, பாதி வானத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தோம்.

அப்போது என்னிடம் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்ன போன். பெங்களூரில் இருக்கும் பெரியம்மா மகள் வேறு வாங்கிக்கொண்டு எனக்குத் தந்தது. பெரிய கம்பெனி, பின்பக்கம் பளபளக்கும். கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியும்படி மேஜைமேல் கவிழ்த்தே வைப்பேன். "இன்னாம்மா, தீப்பெட்டி பத்திரமா இருக்கா?" என்று முதலாளி கேட்பார். இதன் அருமை உங்களுக்குத் தெரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அந்தப் போனில் விளையாடுவது பெரும்பாடு. என் இரண்டு கட்டைவிரல்களும் பாதித் திரையை மறைத்துக்கொள்ளும். மீதிப் பாதியில் மனிதனும் புதரும் ஒரே அளவில் இருப்பார்கள். ஒருநாள் ஒரு புதரைப் பார்த்து, கையிலிருந்த குண்டுகள் அத்தனையும் தீரும் வரை சுட்டேன். அது அசையவே இல்லை என்று ரொம்ப வியந்தேன்.

ராஜமதியிடம் இருந்தது போட்டிக் கம்பெனியின் பெரிய திரை போன். அவள் அப்பா எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று வாங்கி, பிடிக்காமல் அவளிடம் தள்ளிவிட்டது. அதில் அவளுக்கு எல்லாமே தெரியும். ஆனால் அவள் சுடமாட்டாள். விளையாட்டில்கூட சுடமாட்டாள். துப்பாக்கி காலடியில் கிடந்தாலும் தாண்டிப் போய், பையில் பஞ்சும் கட்டுத்துணியும் மருந்தும் நிரப்பிக்கொள்வாள். வண்டி ஓட்டுவாள். நான் அடிபட்டு விழுந்தால் ஓடி வந்து கட்டுப்போட்டு எழுப்புவாள். வீட்டில் சொல்லி வளர்த்தார்களா என்று கேட்டேன். "எங்க வீட்ல யாரும் இதெல்லாம் சொல்லல. எனக்கே கை வரல" என்றாள், அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது மட்டும் வீட்டு வழக்கம், அதை விடமாட்டாள். சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் ஆட்டம் சூடாக இருக்கும்போது, தீவில் ஏதாவது ஒரு வீட்டின் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, டிபன் பாக்ஸைத் திறப்பாள். நான் வெளியே காவல் நிற்பேன்.

ஆக, எங்களில் ஒருத்திக்குக் கண் தெரியாது, இன்னொருத்திக்குக் கை வராது. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழு ஆள். "வலது பக்கம் பாறை, பாறைக்குப் பின்னால ஒருத்தன். ஓடிடு" என்பாள். நான் ஓடாமல் சுடுவேன். நீ காட்டிக் கொடுத்துத்தானே சுடுகிறேன், பாவத்தில் உனக்கும் பாதி உண்டு என்று சீண்டினேன். அவள் கோபப்படவில்லை. "நான் ஒருத்தன் இருக்கான்னுதான் சொல்றேன். தப்பிச்சிப் போன்னு சொல்றேன். சுடறது நீ" என்றாள். நான் துப்பாக்கியில் குண்டு நிரப்பிக்கொண்டேன்.

அவள் ஜெயித்த ஒரு மதியத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் வழக்கம்போல சீக்கிரமே செத்துப்போனேன். ராஜமதி ஒரு குண்டும் சுடாமல், மரத்துக்கு மரம் ஒளிந்து, கடைசி இரண்டு பேரில் ஒருத்தியாக வந்து நின்றாள். எதிரே இருந்தவன் உடம்பெல்லாம் ஆயுதம். வட்டம் சுருங்கி, நிற்க இடமே இல்லாமல் போனது, இரண்டு பேருக்கும் உயிர் குறைய ஆரம்பித்தது. இவள் ஒரு வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து கட்டுமேல் கட்டாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். அவனிடம் மருந்து தீர்ந்துவிட்டது. அவன் விழுந்தான். மனு எழுத வந்து எங்கள் பின்னாலேயே நின்றிருந்த ஒரு அம்மா, என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டினார். நான் ராஜமதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்படி ஒரு ஆட்டத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த மாதம்தான் நான் கட்சி மாறினேன். ஊரெல்லாம் சின்ன போனின் பெருமையைப் பேசிவிட்டு எதிர்க் கம்பெனியின் பெரிய போனை வாங்கியதில் வெட்கம் வேறு. இரண்டு நாள் கைப்பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. எடுத்த பிறகு கீழே வைக்கவில்லை. ஏமாற்றாமல் சொல்கிறேன், அது ஒரு அதிசயம். புல் தனித்தனியாகத் தெரிந்தது. மாடிப்படியில் ஒருவன் ஒரு காலைத் தூக்குவது தெரிந்தது. இத்தனை மாதம் நான் இருந்த தீவு இவ்வளவு அழகா என்று முதல் ஆட்டத்தில் யாரையும் சுடாமல் சுற்றிப் பார்த்தேன். இரண்டாவது ஆட்டத்தில் ஒன்பது பேரை வீழ்த்தினேன்.

ராஜமதி வழக்கம்போல, இடது பக்கம் கிணறு, கிணத்தாண்ட ஒருத்தன் என்று ஆரம்பித்தாள். தெரியுது, தெரியுது என்றேன். கூரைமேல் என்றாள். தெரியுது என்றேன். மறுநாளும் அப்படியே. திமிர் ஒன்றுமில்லை, தெரிந்தது, தெரிகிறது என்றேன். மூன்றாம் நாள் அவள் எதுவும் சொல்லவில்லை. அது மூன்றாம் நாள் என்பதுகூட இப்போது யோசிக்கும்போதுதான் தெரிகிறது. அன்று நான் கவனிக்கவே இல்லை, நிறைய பேரைச் சுட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மதியங்களில் அவள் போட்டித் தேர்வுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஏன் வரவில்லை என்றால், "நீ நல்லா ஆடறடி. எனக்கு அங்க வேலை கம்மி" என்று சிரிப்பாள்.

இப்போது அந்தக் கடை இல்லை. ஜனங்கள் அவரவர் போனிலேயே விண்ணப்பம் போட்டுக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் ஜூஸ் கடை. ராஜமதி ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். நான் இன்னும் ஆடுகிறேன், முகம் தெரியாதவர்களோடு. நன்றாகவே ஆடுகிறேன். ஒருவரும் என்னை ஓடிவிடச் சொல்வதில்லை.

போன ஞாயிறு கெஞ்சிக் கேட்டு, ஆரணியில் இருந்தபடியே ஒரே ஒரு ஆட்டத்துக்கு அவளைத் தீவுக்கு வரவழைத்தேன். பழையபடி பஞ்சும் மருந்தும் பொறுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள், ஊர்க்கதை பேசினாள். நான் ஒரு தீர்மானத்தோடு இருந்தேன். இந்த முறை அவள் சொல்லித்தான் எதையும் பார்ப்பது. ஒரு சுவருக்குப் பக்கத்தில் ஒருவன் குந்தியிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சொல்லட்டும் என்று அப்படியே நின்றேன். அவள் பேச்சை நிறுத்தினாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அவன் நிதானமாக எழுந்து, குறிபார்த்து, என்னைச் சுட்டான்.

"ஏன்டி சொல்லல?" என்றேன்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு இருந்துட்டேன்டி."

அதில் குத்தல் இல்லை, சத்தியமாக இல்லை. தெரிந்துதான் நின்றேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குள் அவள் கட்டுத்துணியை எடுத்துக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள், அவன் இன்னும் அந்தச் சுவரருகிலேயே நிற்கிறான் என்று தெரிந்தும்.