ஓடையிலிருந்து எடுத்த சுவர்

கடலுக்கடியில் கிடக்கும் பழைய கப்பலைப் பார்க்க நீர்மூழ்கியில் போன ஐந்து பேர் காணாமல் போன அந்த வாரம், எங்கள் வேனில் ஒரே சிரிப்பு. என் அண்ணன் ஓட்டுகிற கம்பெனி வேன் அது. தாயில்பட்டிப் பக்கமிருந்து பட்டாசு வேலைக்குப் போகிற பெண்களை அந்தந்தக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, கடைசியில் என்னைச் சிவகாசியில் விடுவான். அங்கே ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்கிறேன்.

"வீடியோ கேம் வெளையாடுற குச்சிய வச்சில்ல ஓட்டிட்டுப் போனாகளாம்!" என்பாள் ஒருத்தி.

"காசு கூடிப்போனா அப்பிடித்தான். சாவ வெல குடுத்து வாங்கப் போவாக" என்பாள் இன்னொருத்தி.

நானும் சிரித்தேன். மறைக்க விரும்பவில்லை. யாரோ அனுப்பிய கேலிப் படம் ஒன்றை நாலு பேருக்குத் தள்ளியும் விட்டேன். அண்ணன் மட்டும் ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு, நொறுங்கிப்போன நீர்மூழ்கியின் உடைசல்களைக் கடலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. காலையில் வேனில் பின்சீட்டிலிருந்து ஒருத்தி போனை நீட்டினாள். "அண்ணே, பாத்தீகளா? அப்பளமா நொறுங்கிப் போச்சு."

அண்ணன் வண்டியை ஓரங்கட்டினான். போனை வாங்கிப் பார்த்தான். துறைமுகத்தில் கப்பலிலிருந்து கிரேன் வைத்து ஒவ்வொரு துண்டாக இறக்குகிறார்கள். சில துண்டுகளுக்கு மேல் வெள்ளைத் துணி போர்த்திக் கட்டியிருக்கிறது. தலைக்கவசம் போட்ட ஆட்கள் சுற்றி நின்று, எங்கேயும் இடித்துவிடாமல் கைகாட்டுகிறார்கள். அண்ணன் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான்.

"துணி போத்தி எறக்குறாக" என்றான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான். போனை நீட்டியவள் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எங்கள் மதினி எப்படிச் செத்தாள் என்பது அந்த வேனில் எல்லோருக்கும் தெரியும்.

மதினி அண்ணனின் மனைவி. அதற்கு இரண்டு வருசத்துக்கு முன்னால், இதே வேனில் போய், அண்ணன் இறக்கிவிட்ட கம்பெனியில், மதியத்துக்குள் போய்விட்டாள். பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற ரூம் வெடித்தது. கம்பெனி பெயரையும் ஊரையும் நான் எழுதப்போவதில்லை. எங்களிடம் தந்தது துணியில் கட்டிய ஒரு பொட்டலம். அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லித் தந்தார்கள்.

மூன்றாம் நாள் ஜேசிபி வந்தது. இடிந்த சுவர், தகரம், செருப்பு, எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளியது. அண்ணன் கேட்டுக்கு வெளியே நின்று கத்தினான்: "அவ தூக்குவாளி உள்ளதான் கெடக்கும். பாத்துட்டு அள்ளுங்கய்யா!" ஆபத்தான இடம், தள்ளி நில்லு என்று விரட்டினார்கள். வெடித்த அன்றைக்குப் பக்கத்துக் காட்டு வரப்பில் நின்று யாரோ எடுத்த வீடியோ ஒன்று உண்டு. அதற்குப் பாட்டுச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். 'இந்த வருசம் தீபாவளி சீக்கிரமே வந்துருச்சு' என்று ஒருவன் அதன் கீழே எழுதியிருந்தான். எங்கே வெடி விபத்து நடந்தாலும் அதே வீடியோ இன்னும் சுற்றுகிறது. புகைக்குள்ளே என் மதினி இருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்? தெரிந்தால்தான் என்ன?

உடைசல் படம் வந்த அதே நாள், அச்சகத்துக்கு ஒரு பட்டாசுப் பார்ட்டி வந்தார். வருசா வருசம் ஆர்டர் தருகிறவர். வானத்தில் போய் வெடிக்கிற புது ஐட்டத்துக்கு லேபிள் வேண்டும் என்றார். போனை என் மேஜையில் வைத்து, அந்த உடைந்த துண்டுகளைக் காட்டினார்.

"இத நடுவுல வச்சி, சுத்தி நெருப்பப் போடும்மா. எல்லாரும் இதத்தான் பேசுறாக. சீசனுக்கு நல்லா ஓடும்."

"அதுல அஞ்சு பேரு செத்துருக்காகய்யா. அப்பனும் மகனும் ஒண்ணாப் போயிருக்காக" என்றேன்.

"அட, அவுக யாரோ எவரோ. நம்ம ஊர்க்காரகளா?"

"அப்ப நம்ம ஊருல வெடிச்ச ரூமு படத்தப் போடட்டுமா? எங்கிட்ட இருக்கு. எங்க மதினி செத்த எடம். அதுவும் நல்லா ஓடும்" என்றேன்.

அச்சகத்தில் மிஷின் சத்தத்துக்கும் மேலாக நான் பேசிவிட்டேன் போலிருக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பார்ட்டியிடம் அப்படிப் பேசக் கூடாது என்றார். லேபிளைப் பக்கத்து மேஜைக்காரர் செய்தார். நன்றாகவே செய்தார். ஐந்து கலரில் அச்சாகி, தீபாவளிக்குக் கடைகளில் அடுக்கியிருந்ததை நானே பார்த்தேன். நான் அனுப்பிய கேலிப் படத்தை அன்றைக்கு மதியம் அழிக்கப் பார்த்தேன். நாலு பேரும் அதற்குள் பார்த்துச் சிரித்துப் பதிலும் போட்டிருந்தார்கள்.

அடுத்த வருசம் அந்த நீர்மூழ்கி விபத்துக்கு எல்லோரும் பார்க்கும்படி விசாரணை நடத்தினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு அண்ணன் போனோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இவன் என்ன சொல்றான் பாப்பா?"

கோட்டுப் போட்ட ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அந்த நீர்மூழ்கிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். இது ஆபத்து என்று முன்னாடியே சொன்னாராம், யாரும் கேட்கவில்லையாம் என்று அண்ணனிடம் சொன்னேன்.

"இவன யாரு கூப்பிட்டுக் கேட்டா?"

"அந்த நாட்டுக் கவர்மெண்டு."

"நம்மள யாரு கேட்டா?" என்றான். போனை அணைத்துவிட்டு, அதுவரை என்னிடம்கூடச் சொல்லாததைச் சொன்னான். "ஒம்பது பேரு பாப்பா, அந்த ரூமுக்குள்ள. பக்கத்து ரூமுக்குக் கூரை மாத்துறோம்னு எல்லாரையும் ஒண்ணா ஒக்கார வச்சிருந்தாக. முழங்கை முழங்கை இடிக்குதுன்னு மொத நாளு எங்கிட்டச் சொன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆர்டர் முடியிற மட்டும் பொறுத்துக்கோன்னேன்."

மதினி செத்த விபத்தைப் பற்றி அதிகாரிகள் எழுதிய காகிதத்தில் வேறு மாதிரி இருந்தது. ரூமுக்குள் நாலு பேர், மற்றவர்கள் வெளியே மரத்தடியில் இருந்தார்கள் என்று. நாலு பேர்தான் அந்த ரூமுக்கு அனுமதி.

மறுநாள் அண்ணன் வேலைக்குப் போகவில்லை. என்னையும் போக விடவில்லை. கம்பெனிக்குப் பின்னால் ஆடு மேய்க்கிற ஒருவரைப் பிடித்து, உடைசலை எங்கே கொட்டினார்கள் என்று கேட்டான். "அந்தா, அந்த ஓடைக்குள்ளதான் தள்ளுனாக" என்று அவரே கூட்டிப் போனார். கருவேலம் மூடிக் கிடந்தது. வெட்டி விலக்கினோம். கரிந்த செங்கல், வளைந்த தகரம், ஒற்றைச் செருப்புகள். தூக்குவாளி கிடைக்கவில்லை. சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், குப்புறக் கிடந்த ஒரு சுவர்த்துண்டைக் கடப்பாரை போட்டு மூன்று பேருமாகப் புரட்டினோம். இரண்டு முழ அகலம் இருக்கும். மழை படாத பக்கத்தில் மஞ்சள் பெயிண்டுக்கு மேல் கறுப்பாக எழுத்து. ரூம் நம்பர். அதன் கீழே: ஆட்கள் – 4.

அண்ணன் அந்தச் சுவரை உதைத்தான். கெட்ட வார்த்தை சொல்லிச் சொல்லி உதைத்தான். நான் தடுக்கவில்லை.

அதை வேனில் ஏற்றி, நாலு பேர் ரூமில் ஒன்பது பேரை உட்கார வைத்திருந்தார்கள் என்று நான் டைப் அடித்துத் தந்த மனுவோடு, மனு வாங்குகிற ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். எந்த அலுவலகம் என்பதையும் எழுதவில்லை. வாசலில் இறக்கி வைத்தோம். கூட்டம் சேர்ந்தது. "என்னண்ணே, வீடு இடிச்சிட்டாகளா?" என்றார் ஒருவர். அண்ணன் விசயத்தைச் சொல்லச் சொல்ல, போன்கள் மேலே உயர்ந்தன. காவலுக்கு நின்றவர் வந்து, "இத எதுக்குய்யா இங்கன கொண்டாந்த? எடுத்துட்டுப் போ" என்றார்.

"நீங்க தேடி எடுத்திருந்தா நான் எதுக்குத் தூக்கிட்டு வாறேன்?" என்றான் அண்ணன்.

மனுவை வாங்கிக்கொண்டார்கள். ஓர் இளம் அதிகாரி மட்டும் வெளியே வந்து, குனிந்து, எழுத்தைப் படித்து, டேப் வைத்து அளந்து, படமும் எடுத்துக்கொண்டார். வீட்டுக்குத் திரும்புவதற்குள் வீடியோ எங்களுக்கே வந்துவிட்டது. 'சுவரைக் காட்டி ஏதோ கறக்கப் பாக்கான்' என்று கீழே ஒருவர். 'இத்தனை வருசம் தூங்குனியா' என்று ஒருவர். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக. ஒவ்வொன்றாகப் படித்தேன். அண்ணன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தான்.

அந்த வாரமே வேன் வேலை போயிற்று. 'ஆள் மாத்துறோம்' என்று மட்டும் சொன்னார்கள். இப்போது சிவகாசியில் காலண்டர் லோடு ஏற்றுகிற வண்டி ஓட்டுகிறான். வெடித்த கம்பெனி வேறு பெயரில் நடக்கிறது.

நாலு மாதம் கழித்து விசாரணைக்கு வரச்சொல்லிக் காகிதம் வந்தது. செத்த மற்றவர்களின் வீடுகளுக்குப் போய்க் கூப்பிட்டோம். ஒரு வீட்டில் காபி கொடுத்து, "எங்க மக இப்பவும் அங்கனதானே வேலைக்குப் போறா" என்றார்கள். அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை. நானும் அண்ணனும் மட்டும் போனோம்.

அதிகாரி கேட்கக் கேட்க, பக்கத்தில் ஒருவர் எழுதினார். அண்ணன் ஒன்பது பெயரையும் சொன்னான். தினமும் வேனில் ஏற்றி இறக்கியவன், யார் எந்த நிறுத்தத்தில் ஏறுவார்கள் என்பதோடு சேர்த்துச் சொன்னான். முடிந்ததும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் வாங்கிப் படித்தேன். 'மனுதாரரின் மனைவி மற்றும் சிலர் மேற்படி அறையில் பணியில் இருந்ததாக' என்று இருந்தது.

"மற்றும் சிலர்னா யாரு?" என்றேன்.

"அதுல என்னம்மா, அர்த்தம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. நாலு பேருன்னு நீங்க எழுதுனதும் இப்பிடித்தான். ஒம்பது பேரு. எங்கண்ணன் பேரு சொன்னான்ல? எழுதுங்க." சத்தம் வெளி வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணன் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டான். அதிகாரி எங்களையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அடிச்சிட்டு எழுதுங்க" என்றார்.

அண்ணன் மறுபடி முதலிலிருந்து சொன்னான். எழுதுகிறவர் ஒவ்வொரு பெயராக எழுதினார். ஓரிடத்தில் தகப்பன் பெயரைத் தப்பாக எழுதியதை நான் திருத்தச் சொன்னேன், திருத்தினார். ஒன்பதும் வந்ததை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் கையெழுத்துப் போட்டான். அதற்கு இதுவரை எந்தப் பதிலும் வரவில்லை.