ஓரகத்தி எழுதிய ஃபில்டர்

வளர்மதி யாரென்றால், பால்ராஜின் மூத்த மகள், கோட்டைக்குப்பம் சுரேஷுக்கு வாழ்க்கைப்பட்டவள். பொன்னேரியில் கம்ப்யூட்டர் படித்தவள். சுரேஷின் தம்பி காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த வெண்ணிலாவோ திருப்பாலைவனத்தில் நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண். அவளும் அதையேதான் படித்திருந்தாள். ஒரே வீட்டில் இரண்டு மருமகளுக்கும் ஒரே படிப்பு. வினை அங்கே ஆரம்பித்தது.

ஊர் மீனவர் சங்கத்தில் ஏரிப் படகுகளுக்கெல்லாம் ஒரு பெட்டி பொருத்தினார்கள். எஞ்சின் சூடானாலும் ஆபத்துப் பொத்தானை அழுத்தினாலும் சங்கத்துக் கம்ப்யூட்டரில் ஒரு வரி விழும், சைரன் கத்தும். அந்த வரிகளுக்கு லாக் என்று பேர். அதை நிறுவியது வளர்மதி. ஆனால் கரையில் கட்டிக்கிடந்த படகுகளும் வரி அனுப்பின. பிள்ளைகள் பொத்தானை அழுத்தி விளையாடின. சைரன் ஓயாமல் கத்த, ஊரே வளர்மதியைத் திட்டியது.

வெண்ணிலா சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி லாக்கோடு சேர்த்தாள். ஏரியில் இன்றைக்கு யார் வலை போடுவது என்று முறை உண்டல்லவா, அதைப் பாடு என்பார்கள். பாடு இல்லாத படகு கரையில்தான் கிடக்கும். வரி வந்ததும் ஸ்கிரிப்ட் ஒரே கேள்வி கேட்கும்: இந்தப் படகுக்கு இன்றைக்குப் பாடு உண்டா? உண்டென்றால் எழுது, இல்லையென்றால் வீசியெறி. அதுதான் ஃபில்டர். சைரன் அடங்கியது. மாமியார் இந்திராணி தெருவெல்லாம் சின்ன மருமகள் புகழ் பாடினாள். மீன் குழம்பில் நடுத்துண்டு வெண்ணிலா தட்டுக்குப் போக, வளர்மதிக்கு வால்துண்டு வந்தது.

குற்றம் கண்டுபிடிக்கவென்றே ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தாள் வளர்மதி. கிடைத்தது. சாவு விழுந்த வீட்டுக்காரர் கருமாதி முடியும்வரை தண்ணீரில் இறங்கமாட்டார். தன் பாட்டை உறவுக்காரனுக்குக் கொடுத்துவிடுவார். அப்போது போவது வேறு படகு; அதன் வரியை ஃபில்டர் வீசியெறிந்துவிடும். நெல் விளையும் ஊர்ப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ஒருநாள் ஊர் நடுவே இவள் மூக்கு உடையட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஆனி மாதம் சுரேஷின் தங்கை புருஷன் சின்னதம்பியின் அம்மா தவறினாள். மறுநாள் காற்று தூக்கியடித்தது. துக்கத்துக்குப் போன வளர்மதியிடம், நாத்தனார் சரோஜா பேச்சுவாக்கில் சொன்னாள்: "எங்க பாட்டுல அண்ணன்தான் இங்கேருந்தே வலை போடப் போயிருக்கு, அண்ணி."

சுரேஷின் படகுக்கோ அன்றைக்குப் பாடு கிடையாது. வளர்மதி எழுந்தாள். சங்கத்துக்கு ஓடினாள். வெண்ணிலா கம்ப்யூட்டர் முன்னால் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

"உன் ஃபில்டரை எடு."

"இன்னாக்கா? ஒண்ணும் வரலியே."

அவளைத் தள்ளிவிட்டு வளர்மதியே அதை எடுத்துப்போட்டாள். வரிகள் கொட்டின. சுரேஷின் படகு, ஆபத்துப் பொத்தான். மறுபடியும் சுரேஷின் படகு, ஆபத்துப் பொத்தான். சைரன் கத்தியது. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்து இழுப்பில் எஞ்சின் நின்று கிடந்தவனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

அன்றைக்கு ஊரெல்லாம் வளர்மதி பேச்சு. இந்திராணி நடுத்துண்டை அவள் தட்டில் வைத்தாள். அவள் அதைத் தட்டோரம் ஒதுக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்த வெண்ணிலா மெதுவாகக் கேட்டாள்.

"நீ தேடவே இல்லியேக்கா. நேரா அதுமேலதான கைய வெச்ச. முன்னியே தெரியுமா?"

"தெரிஞ்சா சொல்லமாட்டனா?"

வெண்ணிலா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். காலையில் ஸ்கிரிப்டில் அவள் புதிதாக எழுதிய ஒரு வரி இருந்தது: படகு கரையை விட்டு விலகியிருந்தால் யார் பாடென்று கேட்காதே, எழுது.

ஓட்டை தேடி அதை இரண்டு தரம் படித்தாள் வளர்மதி. இல்லை. வயிறு பழையபடி எரிந்தது.